மின்தடை சுழி என்று தெரிந்த பிறகும் நாற்பது வருடமாக என்ன அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: செம்பு ஆக்சைடு மீக்கடத்திகள் 1986-லேயே வந்துவிட்டன, மின்தடை சுழி என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது; அதன் பிறகும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் எதை அளந்துகொண்டிருக்கிறார்கள்? "காரணம் இன்னும் பிடிபடவில்லை" என்கிறார்களே, எது பிடிபடவில்லை?

நேராகப் பதிலுக்கு வருகிறேன். மின்தடை சுழி என்ற ஒரு தகவலை வைத்துக்கொண்டு உள்ளே எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று சொல்ல முடியாது. பாதரசத்திலும் சுழிதான், ஈயத்திலும் சுழிதான், செம்பு ஆக்சைடிலும் சுழிதான். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் வேறு அளவீடுகளில்தான் வெளிப்படும். அப்படி அளந்து பார்த்ததில் ஒரு வேடிக்கை: மீக்கடத்து நிலை ஓரளவு புரிந்துவிட்டது. அந்த நிலைக்குப் போவதற்கு முன்னால், அதாவது மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே, அந்தப் பொருள் சும்மா உலோகமாக இருக்கிறதே, அதுதான் இன்றுவரை வழிக்கு வரவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு, வெளியில் இதை அதிகம் பேசுவதில்லை: எல்லாச் சோதனைகளையும் ஒரே பொருளில் செய்து பார்க்க முடிவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒத்துவரும் படிகம் ஒவ்வொன்று. இந்தத் துறையின் பாதிச் சண்டைகள் இங்கிருந்துதான் கிளம்பின என்பது என் அபிப்பிராயம்.

பின்னணி கொஞ்சம். 1911-ல் லைடனில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைந்தது. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் காரணம் சொன்னார்கள்: படிகத்தின் அதிர்வு இடையில் நின்று எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகச் சேர்த்துவைக்கிறது, ஜோடிகள் எல்லாம் ஒரே அலையாக நகர்கின்றன. 1986-ல் சூரிச் அருகே ரூஷ்லிகானில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் ம்யூல்லரும் லாந்தனம்-பேரியம்-செம்பு ஆக்சைடில் 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தலின் அறிகுறியைப் பார்த்தார்கள். அடுத்த வருடமே இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு, அதாவது ஒய்பிசிஓ, 93 கெல்வினுக்குப் போனது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பதால் கல்லூரி ஆய்வகத்தில்கூட காந்தத்தை மிதக்கவிட்டுக் காட்ட முடிந்தது. 1993-ல் பாதரசம் சேர்ந்த ஒரு செம்பு ஆக்சைடு 133 கெல்வினைத் தொட்டது.

இந்தக் குடும்பத்துக்குக் கப்ரேட் என்று பெயர். எல்லாவற்றுக்கும் பொதுவானது செம்பும் ஆக்சிஜனும் சதுரக் கட்டங்களாக அமைந்த ஒரு தளம். செம்பிலிருந்து அடுத்த செம்புக்கு ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம். மற்ற அணுக்கள் தளங்களுக்கு நடுவே உட்கார்ந்து எலக்ட்ரான் கணக்கைக் கூட்டிக் குறைக்கின்றன. தாய்ச் சேர்மமான லாந்தனம் செம்பு ஆக்சைடில் ஒவ்வொரு செம்புக்கும் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று. பாடப்புத்தகக் கணக்குப்படி அது நல்ல உலோகமாக இருக்க வேண்டும். இருப்பதோ மின்காப்பு. ஒரே செம்பில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்வதற்கு விலக்குவிசை அவ்வளவு அதிகம், அதனால் எதுவுமே நகர்வதில்லை. நகராமல் நிற்கும் எலக்ட்ரான்களின் ஸ்பின்கள், அதாவது ஒவ்வொன்றுக்கும் உள்ள குட்டிக் காந்தத் திசைகள், ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாறிமாறி அணிவகுக்கின்றன. இந்த எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கு ஏறத்தாழ 325 கெல்வின் வரை தாங்கும். லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் தளத்திலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்பட்டுத் துளைகள் விழும். இப்படித் துளைகளை ஊட்டுவதுதான் டோப்பிங். செம்புக்கு 0.05 துளை என்ற கணக்கில் மீக்கடத்தல் தலைகாட்டும், 0.16-ல் உச்சம், 0.27 வாக்கில் மறைந்துபோகும். டோப்பிங் குறைந்த பக்கம், மிகுந்த பக்கம் என்று இனி நான் சொல்வது இந்த உச்சத்துக்கு இப்புறமும் அப்புறமும்.

எலக்ட்ரான்களை நகரவிடாமல் தடுக்கும் அதே விலக்குவிசையே அவற்றை ஜோடி சேர்க்கவும் காரணமாகலாம் என்ற யோசனையை ஃபிலிப் ஆண்டர்சன் 1987-லேயே முன்வைத்தார். பிரின்ஸ்டனில் அவரோடு அதைக் கணக்காக வளர்த்தவர்களில் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். கோட்பாடுகளுக்குள் இதற்கு மேல் நுழையப்போவதில்லை. நுழைந்தால் இந்தப் பதில் முடியாது.

எல்லாவற்றிலும் மலிவான அளவீட்டிலிருந்து தொடங்குகிறேன். கறுப்பு வில்லைமேல் வரிசையாக நான்கு கம்பிகள். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். ஒய்பிசிஓவின் மேற்பரப்பு ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் வெறும் வெள்ளிப் பசையைத் தடவிக் கம்பியை ஒட்டினால் அந்த முனை சூடாகும், அளவீடு முழுக்க இரைச்சலாக வரும். வெள்ளி பூசியபின் ஆக்சிஜன் ஓட்டத்தில் 500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு எடுத்தால்தான் முனை நன்றாகப் படியும். இந்த எளிய ஏற்பாட்டில் 1987-லேயே கிடைத்தது ஒரு நேர்கோடு. உச்ச டோப்பிங்கில் வெப்பநிலை ஏற ஏற மின்தடை எண் அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகிறது. 1990-ல் மாறுநிலை வெப்பநிலை மிகக் குறைவான ஒரு பிஸ்மத் கப்ரேட்டில் 700 கெல்வினிலிருந்து ஏறத்தாழ 10 கெல்வின் வரை அந்தக் கோடு வளையவே இல்லை.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம், செம்புக் கம்பியிலும் அறை வெப்பநிலையில் நேர்கோடுதானே. ஆனால் செம்பைக் குளிரவைத்தால் அதிர்வுகள் ஓய்ந்து கோடு வளைந்து தட்டையாகிவிடும். பல உலோகக் கலவைகளில் மேல்பக்கமும் ஒரு கட்டுப்பாடு உண்டு: எலக்ட்ரான் மோதாமல் போகும் தூரம் அணு இடைவெளி அளவுக்குச் சுருங்கியதும் மின்தடை ஏறுவது நின்றுவிடும். கப்ரேட்டில் இரண்டுமே நடப்பதில்லை. 1,100 கெல்வின் வரை கொதிக்கவைத்தும் லாந்தனம் கப்ரேட்டில் அந்தத் தேக்கம் வரவில்லை. இரு மோதல்களுக்கு நடுவே உள்ள காலத்தை மதிப்பிட்டால், பிளாங்க் மாறிலி, போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை என்ற மூன்றை மட்டும் வைத்துக் கட்டக்கூடிய காலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 100 கெல்வினில் அது 0.08 பிக்கோ வினாடிக்குச் சற்றுக் குறைவு. எந்தப் படிகம், எந்த அதிர்வு என்ற விவரமே அதில் இல்லை. எலக்ட்ரானைத் தனித்தனித் துகளாக எண்ணிக் கணக்குப் போடலாமா என்ற அடிப்படையே இங்கே ஆட்டம் காண்கிறது. நான்கு கம்பியில் கிடைத்த இந்தக் கோட்டுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்றும் கிடையாது.

(நான்கு கம்பி ஏமாற்றவும் செய்யும். 2023-ல் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று சொல்லி எல்கே-99 என்ற பொருளைப் பற்றி ஒரு புயல் அடித்ததே, அதில் 104 டிகிரி செல்சியஸ் வாக்கில் மின்தடை சட்டென்று சரிந்ததற்குக் காரணம் உள்ளே மாசாகக் கிடந்த செம்பு சல்ஃபைடு அந்த வெப்பநிலையில் கட்டமைப்பு மாறுவதுதான்.)

அடுத்தது ஆர்பெஸ் (ARPES), அதாவது ஒளியால் வெளியேறும் எலக்ட்ரான்களைக் கோணம் கோணமாகப் பிரித்து அளக்கும் முறை. ஐன்ஸ்டீன் 1905-ல் விளக்கிய ஒளிமின் விளைவுதான் இதன் அடிப்படை. படிகத்தின்மேல் ஒரே ஆற்றலுள்ள ஒளியை, உதாரணத்துக்கு 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம் விளக்கின் ஒளியைப் பாய்ச்சுகிறோம். வெளியே வரும் எலக்ட்ரான் எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அளக்கிறோம். மேற்பரப்புக்கு இணையான உந்தம் மாறாது என்பதால், உள்ளே அந்த எலக்ட்ரான் எந்த உந்தத்தோடும் ஆற்றலோடும் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பிய உந்தங்களுக்கும் நிரம்பாதவற்றுக்கும் இடையே உள்ள எல்லைக்கு ஃபெர்மி பரப்பு என்று பெயர். அந்த எல்லையை வேறெந்தக் கருவியும் இவ்வளவு நேரடியாகப் படம் பிடிப்பதில்லை.

ஆனால் வெளியே தப்பி வரும் எலக்ட்ரான்கள் மேலே உள்ள சில ஆங்ஸ்ட்ராம் ஆழத்திலிருந்து மட்டுமே வருகின்றன. மேற்பரப்பில் ஓர் அணு அடுக்கு அழுக்கு படிந்தாலும் போச்சு. அதனால் படிகத்தை வெற்றிடத்துக்குள் வைத்தே உடைக்க வேண்டும். படிகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள, கறுத்து மினுங்கும் மெல்லிய செதில். அதை வெள்ளி எப்பாக்சியால் ஒரு தாங்கியில் ஒட்டி, தலைமேல் சிறு பீங்கான் குச்சி ஒன்றை ஒட்டி நிறுத்துவார்கள். அறையைச் சூடேற்றி உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தையெல்லாம் விரட்டி, அழுத்தத்தை 10⁻¹¹ டார் அளவுக்குக் கொண்டுவருவார்கள். வளிமண்டல அழுத்தத்தில் எழுபது லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு அது. பிறகு வெளியிலிருந்து இயக்கும் நீண்ட கோலால் குச்சியை ஒரு தட்டு. குச்சி மேல் அடுக்கைப் பிய்த்துக்கொண்டு பறக்கும். கீழே கண்ணாடி போன்ற புது முகம் தெரியும். சில நாள் செதில் முழுவதுமே குச்சியோடு போய்விடும். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

இந்த உடைப்புக்கு லட்டு மாதிரி ஒத்துழைப்பது பிஸ்கோ, அதாவது பிஸ்மத்-ஸ்ட்ரான்ஷியம்-கால்சியம்-செம்பு ஆக்சைடு. அதில் இரண்டு பிஸ்மத் ஆக்சைடு அடுக்குகள் பக்கத்துப் பக்கத்தில் மிகப் பலவீனமாக ஒட்டியிருக்கின்றன. சாதாரண ஒட்டு நாடாவாலேயே உரித்துவிடலாம். எங்கே பிரிந்தாலும் இரு பக்கமும் சமமான முகம். ஒய்பிசிஓ அப்படிப் பிரிவதில்லை. பிரியும் இடத்தில் மின்னூட்டக் கணக்கு உதைத்து, மேல் அடுக்கின் டோப்பிங் உள்ளே இருப்பதைவிட வெகுவாக ஏறிவிடுகிறது. ஆகவே ஆர்பெஸ் சொன்னது என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி பிஸ்கோ சொன்னது.

என்ன சொன்னது? 1993-ல் ஸ்டான்ஃபோர்டு குழு மீக்கடத்து நிலையின் ஆற்றல் இடைவெளி, அதாவது ஒரு ஜோடியை உடைக்க எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பது, திசைக்குத் திசை மாறுகிறது என்று காட்டியது. செம்பு-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் 35 முதல் 40 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மூலைவிட்டத் திசையில் சுழி. பழைய கோட்பாட்டின் சூத்திரத்தில் 90 கெல்வினைப் போட்டால் எல்லாத் திசையிலும் 14 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வாக்கில்தான் வர வேண்டும். இந்த வடிவத்துக்கு டி-அலை என்று பெயர். இட்லிப்பூவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: நான்கு திசைக்கு நான்கு இதழ், இதழ்களுக்கு நடுவே ஒன்றுமில்லை.

1996-ல் இன்னும் பெரிய அதிர்ச்சி. டோப்பிங் குறைந்த பிஸ்கோவை மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே சூடாக்கினால் இடைவெளி மூடிவிட வேண்டும். மூடவில்லை. இதழ்களின் நுனிப் பக்கம் அது அப்படியே நிற்கிறது. மீக்கடத்தல் போன பிறகும் மேலும் பல பத்து கெல்வின்களுக்கு நீடிக்கிறது. இதற்கு சூடோகேப், அதாவது போலி இடைவெளி என்பார்கள். பாரீஸ் அருகே ஓர்சேயில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீட்டில் இதன் சாயல் 1989-லேயே தெரிந்திருந்தது. ஸ்பின்களின் காந்த ஏற்பு குளிரக் குளிர முன்கூட்டியே குறையத் தொடங்கியது. எந்தத் திசையில் என்று காட்டியது ஆர்பெஸ். 1998-ல் அதன் முழு விபரீதமும் வெளியே வந்தது. சூடோகேப் நிலையில் ஃபெர்மி பரப்பு நான்கு துண்டு வில்லாக மட்டுமே தெரிகிறது. வில் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. ஃபெர்மி பரப்பு ஒரு பகுதியின் எல்லைக்கோடு. வயலுக்கு வரப்பு பாதியில் நின்றால் உள்ளே எது, வெளியே எது? எல்லைக்கோடு மூடித்தான் ஆக வேண்டும். மூடாத கோட்டைக் கருவி காட்டினால், ஒன்று மீதிப் பகுதி மங்கலாகி நம் கண்ணுக்குத் தப்புகிறது, இல்லையேல் நமக்குத் தெரிந்த உலோகமே அங்கு இல்லை.

இதைத் தொங்கலில் விட்டுவிட்டு இதழுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆர்பெஸ் இடைவெளியின் அளவைத்தான் காட்டும். அலையின் குறி தெரியாது. உண்மையான டி-அலையில் பக்கத்து இதழ்களுக்கு எதிரெதிர்க் குறி இருக்க வேண்டும். 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வான் ஹார்லிங்கன் குழு ஒரு படிகத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களை ஈயத்தால் இணைத்துக் குறுக்கீட்டைப் பார்த்தது. 1994-ல் ஐபிஎம்மின் சூயியும் கர்ட்லியும் செய்தது என் கணக்கில் இந்தத் துறையிலேயே அழகான சோதனை. மூன்று ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகங்கள் வெவ்வேறு கோணங்களில் திரும்பி ஒரு புள்ளியில் சந்திக்கும்படி செய்த அடித்தளம். அதன்மேல் ஒய்பிசிஓ மென்படலம் வளர்த்தால் படலமும் மூன்று திசைகளில் வளரும். சந்திக்கும் புள்ளியைச் சுற்றி மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவில் ஒரு வளையத்தைச் செதுக்கினார்கள். வளையத்தை ஒரு சுற்று வரும்போது அலையின் குறி ஒற்றைப்படை முறை புரண்டால், கணக்கை நேர்செய்ய வளையம் யாரும் தூண்டாமலேயே அரைக் காந்தப்பாயக் குவாண்டத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மீக்கடத்து வளையத்துக்குள் காந்தப்பாயம் சாதாரணமாக ஒரு குவாண்டத்தின் முழு மடங்காகத்தான் இருக்கும். முழுக் குவாண்டம் 2.07 × 10⁻¹⁵ வெபர், அதில் சரிபாதி. மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்க்விட் நுண்ணோக்கியை மேலே ஓட்டியபோது நடு வளையத்தில் சரியாக அந்தப் பாதி தெரிந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது, அதே தகட்டில் படிக எல்லையை எங்குமே கடக்காத ஒரு வளையத்தையும் இரண்டு இடத்தில் மட்டும் கடக்கும் வளையங்களையும் அவர்கள் கூடவே செதுக்கிவைத்ததுதான். அவற்றில் அரைக் குவாண்டம் இல்லை. படலம் மோசம், கருவி கோளாறு என்று யாரும் வாயைத் திறக்க முடியாதபடி எதிர்ச்சாட்சி அதே தகட்டிலேயே இருந்தது. ஜோடி டி-அலைதான் என்ற வழக்கு அத்தோடு முடிந்த மாதிரிதான்.

எஸ்டிஎம், அதாவது ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி, பிறந்ததும் ரூஷ்லிகானின் அதே ஐபிஎம் ஆய்வகத்தில். பின்னிக்கும் ரோரரும் 1986 நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள், பெட்னோர்ஸும் ம்யூல்லரும் 1987-ல். ஒரே கட்டடத்துக்கு அடுத்தடுத்த வருடம். ஊசிமுனையை மேற்பரப்பிலிருந்து சில ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி இது. தூரம் ஓர் ஆங்ஸ்ட்ராம் மாறினாலே மின்னோட்டம் பத்து மடங்கு மாறும் என்பதால் கட்டட அதிர்வு மொத்தத்தையும் அறுத்துவிட வேண்டும். 2000-ல் பெர்க்லியில் ஷேமஸ் டேவிஸ் குழு பிஸ்கோவில் செம்புக்குப் பதிலாக உட்கார்ந்த ஒற்றைத் துத்தநாக அணுவைச் சுற்றி எலக்ட்ரான் அடர்த்தி சிலுவை வடிவில் படர்ந்திருப்பதைப் படமாக்கியது. சிலுவையின் கைகள் டி-அலையின் சுழித் திசைகளையே பார்த்து நீண்டிருந்தன.

ஆனால் அதே கருவி ஒரு தர்மசங்கடத்தையும் கொண்டுவந்தது. பிஸ்கோவில் இடைவெளி இடத்துக்கு இடம் மாறுகிறது. சில நானோமீட்டர் நகர்ந்தால் இரு மடங்காகக்கூட ஆகிறது. உரிக்க வசதியான படிகம் உள்ளுக்குள் திட்டுத்திட்டாக இருக்கிறது. அப்படியானால் ஆர்பெஸ் கண்ட பாதி வில்கள் கப்ரேட்டின் குணமா, இந்தத் திட்டுகளின் குணமா? சண்டை இங்கே சூடுபிடித்தது.

இதற்கு மாற்று, மிகச் சுத்தமான படிகத்தை எடுத்துப் பலமான காந்தப்புலத்தில் வைப்பது. புலத்தில் எலக்ட்ரான் வட்டமடிக்கும். மோதாமல் சுற்று முடித்தால், புலத்தை மாற்றும்போது மின்தடையில் ஏற்ற இறக்கம் தெரியும். அந்த அலைவின் அதிர்வெண் ஃபெர்மி பரப்பு அடைக்கும் பரப்பளவை நேரடியாகச் சொல்லிவிடும். ஒரு மாசு இடையில் நின்றாலும் சுற்று முடியாது. எனவே பிஸ்கோ உதவாது, ஒய்பிசிஓதான் வேண்டும். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வளர்த்த ஒய்பிசிஓ படிகங்களில் ஆக்சிஜன் சங்கிலிகள் ஒன்று விட்டு ஒன்றாக நிரம்பி ஒழுங்காக நிற்கும்படி செய்திருந்தார்கள். கனடாவின் ஷெர்ப்ரூக்கிலிருந்து லூயி தையஃபேர் குழு அவற்றைப் பிரான்சின் துலூஸில் உள்ள காந்தப்புல ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றது. அங்கே மின்தேக்கி வங்கியைத் திரவ நைட்ரஜனில் குளிர்ந்த சுருளுக்குள் ஒரே மூச்சில் கொட்டி 60 டெஸ்லாவைத் தாண்டுவார்கள். ஒரு வினாடியின் சிறு பகுதியே நீடிக்கும் அந்தத் துடிப்புக்குள் மொத்த அளவீடும் முடிய வேண்டும்.

2007-ல் வெளியான முடிவு: டோப்பிங் குறைந்த ஒய்பிசிஓவில் அலைவு தெளிவாகத் தெரிகிறது, அதிர்வெண் 530 டெஸ்லா. அலைவு தெரிந்ததே செய்திதான். அங்கே மூடிய ஃபெர்மி பரப்பு இருக்கிறது என்று பொருள். ஆனால் அது உந்தவெளியின் மொத்தப் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. இப்படிச் சிறிதாக மூடிய ஃபெர்மி பரப்பைப் பை என்பார்கள். அடுத்த வருடம் டோப்பிங் மிகுந்த தாலியம் கப்ரேட்டில் அளந்தார்கள்: 18,000 டெஸ்லா, 65 சதவீதம். கடைசி எண் ஏன் சரி என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். செம்புக்கு ஒரு துளை ஏற்கெனவே உண்டு, டோப்பிங்கில் 0.3 சேர்ந்தால் 1.3, ஒரு பட்டையில் இரண்டுக்கு இடம், ஆக 1.3-ல் பாதி, 65 சதவீதம். டோப்பிங் மிகுந்த பக்கம் பாடப்புத்தக உலோகம் போலவே நடந்துகொள்கிறது. குறைந்த பக்கத்தில் 2 சதவீதப் பையை இந்தக் கணக்கில் எங்குமே பொருத்த முடியவில்லை. போதாக்குறைக்கு ஹால் மின்னழுத்தம், அதாவது காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம், குறைந்த வெப்பநிலையில் எதிர்க்குறிக்குப் போனது. துளைகளை ஊட்டிய பொருளில் எலக்ட்ரான் பை!

எதுவோ ஃபெர்மி பரப்பை மடித்து வெட்டியிருக்கிறது. அது என்ன என்று சில வருடங்களில் தெரிந்தது. 2011-ல் கிரெனோபிளில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வும், 2012-ல் எக்ஸ் கதிர்ச் சிதறலும் ஒய்பிசிஓவில் மின்னூட்டமே அலையாகக் கூடிக் குறைந்து நிற்பதைக் காட்டின. அலையின் நீளம் மூன்று செம்பு இடைவெளிகளுக்குச் சற்று அதிகம்.

அப்படியென்றால் வில்லா, பையா? இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சங்கடம் முழுசாக முகம் காட்டுகிறது. வில் தெரிந்தது பிஸ்கோவில், காந்தப்புலம் இல்லாமல், 100 கெல்வின் வாக்கில். பை தெரிந்தது ஒய்பிசிஓவில், 60 டெஸ்லாவில், சில கெல்வினில். பொருள் வேறு, வெப்பநிலை வேறு, புலம் வேறு. ஆர்பெஸ்ஸை அவ்வளவு பலமான புலத்தில் செய்ய முடியாது, வெளியே வரும் எலக்ட்ரானின் பாதையைப் புலம் வளைத்துவிடும். நியூட்ரான் சிதறலுக்கோ கிராம் கணக்கில் படிகம் வேண்டும்; செதில் செதிலாக வளரும் பிஸ்கோவில் அது பெரும்பாடு, அதனால் ஸ்பின்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி லாந்தனம் கப்ரேட்டும் ஒய்பிசிஓவும் சொன்னது. இவை எல்லாவற்றையும் ஒட்டவைத்து "கப்ரேட் இப்படி" என்று பேசுகிறோம். ஒட்டுப்போட்ட இடம் எது என்று நினைவில் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் குறைவு.

ஒட்டுகளையும் மீறி நிற்கும் சில முடிவுகள் உண்டு. 2016-ல் 88 டெஸ்லா வரை ஹால் அளவீட்டைக் கொண்டுபோனபோது, டோப்பிங் 0.19-ஐ நெருங்கும்போது மின்னூட்டம் சுமப்பவற்றின் எண்ணிக்கை செம்புக்கு டோப்பிங் அளவிலிருந்து, அதோடு ஒன்றைக் கூட்டிய அளவுக்குத் தாவுவது தெரிந்தது. சூடோகேப் முடியும் இடமும் ஏறத்தாழ அதுவே. அதற்கு அருகில்தான் நான்கு கம்பிக் கோடும் மிக நேராக இருக்கிறது. வேறு கப்ரேட்களில் இந்தத் தாவல் இவ்வளவு கூர்மையாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டோப்பிங் மிகுந்த பக்கம் சாதுவானது என்ற நம்பிக்கையும் அதே வருடம் ஆட்டம் கண்டது. புரூக்ஹேவனில் இவான் போசோவிச் குழு 2,000-க்கும் மேற்பட்ட லாந்தனம் கப்ரேட் படலங்களை அணு அடுக்கு அடுக்காக வளர்த்து அளந்தது. எலக்ட்ரான்களுக்குக் குறைவில்லாத அந்தப் பக்கத்தில், மாறுநிலை வெப்பநிலை இறங்க இறங்க ஜோடிகளின் அடர்த்தியும் கூடவே இறங்குகிறது. மீதி எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் எங்கே போகின்றன? மாசுதான் காரணம் என்று ஒரு கட்சி, அதற்கும் ஆழமான காரணம் என்று இன்னொரு கட்சி.

புதிய குடும்பங்களில் கதை மாறவில்லை, சங்கடம்தான் முற்றியிருக்கிறது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் வந்த நிக்கல் ஆக்சைடு மீக்கடத்தி மென்படலமாக மட்டுமே கிடைத்தது, ஆக்சிஜனை உருவிய அதன் மேற்பரப்பு ஆர்பெஸ்ஸுக்கு லாயக்கில்லாமல் இருந்தது. 2023-ல் இரட்டை அடுக்கு நிக்கல் ஆக்சைடு 80 கெல்வினைத் தொட்டது, ஆனால் 14 ஜிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தத்தில். 2019 வாக்கில் லாந்தனம் ஹைட்ரைடு 250 கெல்வினைத் தொட்டதும் இரண்டு வைர முனைகளுக்கு நடுவில்தான். வைரத்துக்கு உள்ளே ஊசிமுனையும் போகாது, எலக்ட்ரானும் வெளியே வராது. அங்கே பெரும்பாலும் நான்கு கம்பியும் காந்த அளவீடும் எக்ஸ் கதிரும்தான் கதி.

ஒரே படிகத்தில் இரண்டு சோதனையும் செய்த ஒரு நிகழ்வு உண்டு. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. 2020-ல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று பேரியம்-கால்சியம்-செம்பு கொண்ட ஐந்தடுக்கு கப்ரேட் ஒன்றை எடுத்தது. ஐந்து செம்பு-ஆக்சிஜன் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. மாசு அணுக்கள் வெளி அடுக்குகளுக்கு அப்பால் இருப்பதால் உள் தளங்கள் மிகச் சுத்தம். அதே பொருளில் ஆர்பெஸ்ஸும் செய்தார்கள், காந்தப்புல அலைவையும் அளந்தார்கள். உள் தளங்களில் மூடிய சிறு பைகள் தெரிந்தன, பையின் பரப்பளவு இரண்டு வழியிலும் ஒத்துப்போனது. வெளித் தளத்தில் மட்டும் பழைய பாதி வில். வில் என்பது மாசின் வேலை என்று இதை வைத்து அடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த உள் தளங்களின் டோப்பிங் மிகக் குறைவு, எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கும் அங்கே இருக்கிறது. பைகளை மூடிவைப்பது சுத்தமா, அந்தக் காந்த ஒழுங்கா என்று இந்தப் படிகத்தில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதே அளவு சுத்தத்தில், காந்த ஒழுங்கு இல்லாமல், உரிக்கவும் வசதியாக ஒரு கப்ரேட் வேண்டும். வளர்க்கத் தெரிந்தவர்கள் அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.